சைக்கிளில் கேபிளை எந்த வழியாகக் கொண்டு போவது?

பிரேக் இறுக்கமாக இருக்கிறதா? கியர் பாதியில் நின்று தடுமாறுகிறதா? பிரேக் கட்டையையும் பல்சக்கரத்தையும் குறை சொல்வதற்கு முன் கேபிள் போகும் வழியை ஒரு தடவை பாருங்கள். இங்கே சொல்வது கேபிள் ஃபிரேமுக்கு வெளியே ஓடும் சைக்கிளுக்கு.

உள்ளே ஓடும் கம்பி இன்னர், மேலுறை அவுட்டர். லீவரைப் பிடித்ததும் இன்னர் இழுபடும், அவுட்டர் நெருக்கப்படும். அந்த நெருக்கத்தைத் தாங்கத்தான் ஃபிரேமில் அவுட்டரின் முனை முட்டி நிற்கும் சின்னச் சின்ன ஸ்டாப்புகள் வைத்திருக்கிறார்கள். அதனால் நேராகப் போகும் இடத்தில் இன்னர் மட்டும் வெறுமனே ஓடினால் போதும். வளைவில்தான் அவுட்டர் வேண்டும்.

பழைய கேபிளைக் கழற்றும் முன் அது போகும் வழியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சரியான கேபிளை வாங்குங்கள். பிரேக் இன்னர் 1.5 அல்லது 1.6 மி.மீ., கியர் இன்னர் 1.1 அல்லது 1.2 மி.மீ. அவுட்டரில்தான் கவனம் வேண்டும். பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடவே கூடாது. அவசரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது அது பிளந்துவிடும், பிரேக் இருக்காது.

இப்போது நீளம். அவுட்டரை வைத்துப் பார்த்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எந்தப் பக்கமும் இழுத்துப் பிடிக்கக் கூடாது. குட்டையாக இருந்தால் திரும்பும்போது பிரேக் தானாகப் பிடிக்கும். அதற்காகத் தேவைக்கு மேல் நீளமாகவும் விடாதீர்கள். வளைவு கூடக் கூட உராய்வும் கூடும்.

கேபிள் கட்டரால் வெட்டுங்கள், சாதாரணக் குறடு நசுக்கிவிடும். வெட்டிய வாயை வெளிச்சத்தில் பாருங்கள்: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒட்டிப்போய் ஒரு கீறலாகத்தான் தெரியும். கோணி ஊசியை விட்டுச் சுழற்றி அதை வட்டமாகத் திறந்துவிட்டு, முனையை அரத்தால் சமமாக்கி, மூடி போடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புதுக் கேபிள் போட்ட பிறகும் கியர் கனமாக இருந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

சரி, மாட்டலாம். பல சைக்கிள்களில் பின்பிரேக் கேபிள் மேல்குழாயை ஒட்டிப் போகும். பின்கியர் கேபிள் கீழ்க்குழாய் வழியாக இறங்கி, பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டியைச் சுற்றி, பின்சக்கரத்துக்குப் போகும். அந்த வழிகாட்டியில் சேறு சேரும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். கடைசியில் டீரெய்லருக்கு, அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவிக்கு, முன்னால் வரும் அவுட்டர் மெதுவாக வளைய வேண்டும், மடங்கக் கூடாது.

பின்கியர் கேபிளைப் பிடிக்கும் போல்ட்டை முடுக்கும்போது கியர் லீவர், செயின் இரண்டுமே ஆகச் சிறிய பின்பல்சக்கரத்துக்கான நிலையில் இருக்க வேண்டும். பிரேக்கை முடுக்கியபின் பத்துத் தடவை பலமாகப் பிடித்துப் பாருங்கள். தளர்ந்தால் மறுபடி இழுத்து முடுக்குங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் ஒரு வேலை. ஸ்டாப்பில் கீறல் வெட்டு இருந்தால் இன்னரைத் தளர்த்தி அவுட்டரை வெளியே எடுத்து, கம்பியைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடலாம். கேபிளை அறுக்கவே வேண்டாம்.