விறைப்புக்கு ஊசி: நாலு மணி நேரக் கணக்கை முதலில் போடுங்கள்

மாத்திரை கேட்காத சர்க்கரைக்காரர்கள், ப்ராஸ்டேட் ஆபரேஷனில் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், நெஞ்சு வலிக்கு நைட்ரேட் சாப்பிடுவதால் வயாகரா வகையைத் தொடவே கூடாதவர்கள், இவர்களுக்கெல்லாம் யூராலஜி டாக்டர் சொல்லக்கூடிய இன்னொரு வழி, ஆண்குறியிலேயே போடும் ஊசி. கேட்டதும் தூக்கிவாரிப் போடும்தான். ஆனால் ஊசி இன்சுலின் ஊசி மாதிரி மெல்லியது. மருந்து ஆல்ப்ரோஸ்டாடில், அல்லது அதோடு பாப்பவரின், ஃபென்டோலமைன் சேர்த்த ட்ரைமிக்ஸ்.

முதல் ஊசியை டாக்டர் முன்னால்தான் போட வேண்டும். எவ்வளவு டோஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து அளவு முடிவு செய்வது அங்கேதான். லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரிடம் இந்த வேலை வேண்டாம். சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்), ரத்தப் புற்றுநோய், ஏற்கெனவே குறி வளைந்திருப்பது, இவை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் போடும்போது கையைக் கழுவி, குறியை நீட்டிப் பிடித்து, அடிப்பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையே பக்கவாட்டில், கடிகார முள்ளில் 10 அல்லது 2 இருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியும் ரத்தக்குழாயைத் தவிர்த்து, நேராகக் குத்த வேண்டும். மேலே நடுவில் வேண்டாம், அங்கே ரத்தக்குழாயும் உணர்வு நரம்பும் ஓடுகின்றன, கீழே சிறுநீர்க்குழாய். எடுத்ததும் சில நிமிடம் பஞ்சால் அழுத்துங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கொஞ்ச நேரம். அடுத்த முறை மறுபக்கம். 5 முதல் 20 நிமிடத்தில் வேலை செய்யும். செய்யவில்லையா, அன்றைக்கு அவ்வளவுதான், இரண்டாவது ஊசி கூடாது. வாரத்துக்கு 3 தடவைக்கு மேல் வேண்டாம், இடையில் 24 மணி நேரமாவது விடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைதான். உள்ளே தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுத்து மருந்து செலுத்தி இறக்குவார்கள்; தள்ளிப்போட்டால் தசை செத்து, பிறகு எந்த ஊசிக்கும் எழாது. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் இருப்பவர் ராத்திரி 11 மணிக்கு ஊசி போட்டால் அந்த 4 மணி நேரம் விடியற்காலை 3 மணிக்கு முடியும், அப்போது பஸ் ஏது? அதனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி என்பதை முன்பே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் 108 இருக்கிறது. மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும். மருந்தின் பெயர், டோஸ், போட்ட நேரம் மூன்றையும் சீட்டில் எழுதிக் கொண்டுபோய் கேஷுவாலிட்டியில் நீட்டிவிட்டால் வெட்கப்பட்டு விளக்க வேண்டிய வேலையும் மிச்சம்.

அப்புறம், ட்ரைமிக்ஸை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வாங்கி வருபவர்கள் ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். குறியில் கட்டி மாதிரி தட்டுப்பட்டாலோ வளைவு தெரிந்தாலோ ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.