வடிசாலைக்கு ஹைட்ரஜன்: பர்னரை மாற்றும் முன்பே நடக்கும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் விஸ்கி வடிக்கிறவர்களுக்குக் குழாய் எரிவாயு கிடையாது, எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்துதான் கொதிகலனை எரிக்க வேண்டும். அதனால் தண்ணீரிலிருந்து பிரித்து எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கலாம் என்கிற ஹைட்ரஜன் என்றதும் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் நேராகப் பர்னரில் கை வைப்பதுதான் பெரிய தவறு.

செப்புக் கொப்பரையிலிருந்து ஏறும் ஆவி குளிர்ந்து சாராயமாக இறங்கும்போது, அதைக் குளிர்வித்த தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வெளியே ஓடுகிறது. அது காசு கொடுத்து உண்டாக்கிய சூடு! அதைப் பிடித்து, ஆவியாக்கி அழுத்தி மறுபடி கொப்பரைக்கே அனுப்பினால் எரிபொருள் தேவையே இறங்கிவிடும். ஸ்காட்லாந்தின் கிளென்டாச்சர்ஸ் வடிசாலையில் வெப்பத்தை இப்படி மீட்டே ஆற்றல் செலவை ஏறக்குறையப் பாதியாக்கினார்கள். மிச்சத்துக்குத்தான் ஹைட்ரஜன் பேச்சு.

அப்புறம் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்கச் சுமார் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை எரித்தால் கொதிகலன் இழப்பு போக 30 யூனிட் அளவுக்குத்தான் நீராவியில் சேரும். அதே 55 யூனிட்டை மின்கொதிகலனுக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுசும் சூடாகிவிடும். ஆகவே மிஞ்சும் காற்றாலை மின்சாரத்தைச் சேமிக்கவோ, கொப்பரைக்கு அடியில் நேரடி நெருப்பு வேண்டுமென்றோ இருந்தால் ஹைட்ரஜன் சரி. ஜப்பானின் யமசாகி வடிசாலையில் 2024இல் நேரடி நெருப்புக்கு ஹைட்ரஜனை வைத்து வடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

எங்கிருந்து வந்த ஹைட்ரஜன் என்று கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு ஏற்கெனவே காற்றில் கலந்திருக்கும், அந்த எரிவாயுவைக் கொதிகலனிலேயே எரித்திருந்தால் கரியமில வாயு இதைவிடக் குறைவாக இருந்திருக்கும்.

பழைய பர்னரே போதும் என்று நினைப்பதும் ஆபத்து. அதே சூட்டுக்கு எரிவாயுவைப்போல மூன்று மடங்கு கன அளவு ஹைட்ரஜன் வேண்டும், தீச்சுடர் வேகமாக ஓடும், காற்றில் எரிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயுவும் வரும். ஐலாவின் ப்ரூக்லாடி வடிசாலைக்காகத் திட்டமிட்ட கொதிகலனில் ஹைட்ரஜனோடு தூய ஆக்சிஜனைச் சேர்த்து எரிக்க நினைத்தது இதற்காகத்தான், காற்றிலுள்ள நைட்ரஜனே உள்ளே வராது.

பகல் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தீ கண்ணுக்கே தெரியாது. ஹைட்ரஜனைக் கையாளும் ராக்கெட் தளங்களில் ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தார்கள், அது பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். சாராய ஆவி சூழ்ந்த கட்டடத்தில் கசிவு உணரியும் சுடர் உணரியும் பொருத்தாமல் ஒரு வால்வைக்கூடத் திறக்காதீர்கள்.