ஏ.பி. ஆங்கில இலக்கிய வகுப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) ஆங்கில இலக்கியம் என்ற பெயரில் நடத்தப்படும் பாடம், கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றைக் கல்லூரி முதலாண்டுத் தரத்தில் கற்பிக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களே இதை எடுக்கிறார்கள். பாடத்திட்டத்தையும் மே மாதத் தேர்வையும் வகுப்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. ஆனால் வகுப்பில் யாருக்கு இடம் என்பதை முடிவு செய்வது அந்தந்தப் பள்ளி. காலேஜ் போர்டு இப்பாடத்துக்கு முன்தகுதிப் பாடம் எதையும் விதிக்கவில்லை. விருப்பமுள்ள மாணவருக்குத் தேவையற்ற தடை வைக்க வேண்டாம் என்றே பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறது. இருந்தும் நடைமுறை ஊருக்கு ஊர் மாறுகிறது: சில பள்ளிகளில் பெயர் கொடுத்தாலே போதும்; வேறு சிலவற்றில் முந்தைய ஆண்டு மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, எழுத்து மாதிரி ஆகிய மூன்றும் வேண்டும். ஆகவே பள்ளியின் பாடப் பட்டியலைப் பார்த்து, மாணவருக்குப் பாடங்கள் குறித்து வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலரிடம் நிபந்தனைகளைக் கேட்டறிவது முதல் வேலை. அடுத்த கல்வியாண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுப்பது பல பள்ளிகளில் குளிர்காலத்திலேயே முடிந்துவிடுவதால், பதினொன்றாம் வகுப்பின் இலையுதிர்காலத்தில் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஏ.பி. ஆங்கில மொழி என்பது வேறு பாடம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம் பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அது கட்டுரை, சொற்பொழிவு போன்ற புனைவல்லாத எழுத்தையும் வாதத்தையும் ஆராய்வது. பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் வருவது. கதையிலும் கவிதையிலும் நாட்டமில்லாத மாணவரை, ஜி.பி.ஏ. எனப்படும் மதிப்பெண் சராசரிக்குக் கூடுதல் மதிப்புக் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இலக்கிய வகுப்புக்கு அனுப்புவது அவருக்கு நன்மை செய்வதாகாது.

பரிந்துரையைத் தற்போதைய ஆங்கில ஆசிரியரிடம் பெற வேண்டும். பல பள்ளிகளில் இது கடிதமாக இருப்பதில்லை. பள்ளியின் கணினித் தளத்தில் ஆசிரியர் இடும் ஒரு குறிதான். அதற்குச் சில வாரங்கள் முன்பே மாணவர் நேரில் சென்று, இந்த வகுப்பில் சேர விரும்புவதைச் சொல்லி, தம் கட்டுரைகளில் எதைத் திருத்த வேண்டும் என்று கேட்டு, அடுத்த கட்டுரையில் அந்தத் திருத்தத்தைக் காட்டினால், ஆசிரியருக்குப் பரிந்துரைக்க ஒரு காரணம் கிடைக்கும். இந்தப் பேச்சை மாணவரே நடத்த வேண்டும். பெற்றோர் அனுப்பும் நீண்ட மின்னஞ்சல் பெரும்பாலும் எதிர்விளைவையே தரும்.

விண்ணப்பத்தின் கடினமான பகுதி எழுத்து மாதிரி. முன்பின் பார்த்திராத ஒரு கவிதையையோ கதைப் பகுதியையோ கொடுத்து, வகுப்பறையிலேயே ஒரு பாடவேளைக்குள் எழுதச் சொல்வது வழக்கம். இதில் பலர் இரண்டு வகையில் தடுமாறுகிறார்கள். ஒன்று, கதையைத் திரும்பச் சொல்வது. மற்றொன்று, உவமை இருக்கிறது, குறியீடு இருக்கிறது என்று உத்திகளின் பெயரை அடுக்குவது. ஒரு கவிதையில் மகன் ஒருவன் தந்தையின் அறைக் கதவைப் பற்றிப் பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கதவு ஒரு குறியீடு என்று எழுதினால் யாரும் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. தொடக்கத்தில் தாழிடப்பட்டிருந்த கதவு முடிவில் வெறுமனே சாத்தப்பட்டிருப்பதைக் கவனித்து, மகனின் சினம் எந்த வரியில் தளர்கிறது, அந்த வரியின் சொற்கள் ஏன் சட்டென்று சிறுத்துவிடுகின்றன என்று விளக்கினால், அதுதான் ஆசிரியர் தேடும் வாசிப்பு. ஏ.பி. தேர்வின் மதிப்பீட்டு முறையும் இதையே சொல்கிறது: ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய 6 புள்ளிகளில் மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, சிந்தனையின் நுட்பத்துக்கு 1. பயிற்சிக்கு, ஒரு கவிதையை இருமுறை படித்து, தொனி மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய ஒரு கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிய பிறகு கட்டுரையைத் தொடங்கலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சங்கப் பாடல்களை உரையோடு பயின்ற மாணவருக்கு இந்த வேலை ஓரளவு பழக்கமானதே; தலைவி வாய்விட்டுச் சொல்லாததைப் பூவும் விலங்கும் சொல்லும் உள்ளுறையைப் பிரித்தறிந்தவர், ஆங்கிலக் கவிதையிலும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

இந்த வகுப்பில் ஏன் சேர விரும்புகிறார் என்று மாணவர் எழுதும் விருப்பக் குறிப்பு கேட்கப்பட்டால், சிறு வயது முதல் புத்தகம் பிடிக்கும் என்று தொடங்காமல், ஒரே ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அது தமக்குள் எழுப்பிய, இன்னும் விடை கிடைக்காத கேள்வியை எழுத வேண்டும். இந்தியாவிலிருந்து இடையில் வந்து சேர்ந்த மாணவர், அங்கே பெற்ற ஆங்கில மதிப்பெண்ணைக் கவுன்சிலர் எப்படி எடைபோடுவார் என்று காத்திருக்காமல், தாம் எழுதிய ஒரு திறனாய்வுக் கட்டுரையையும் உடன் கொடுப்பது நலம்.

இடம் மறுக்கப்பட்டால், விலக்குப் படிவம் உண்டா என்று கேட்கலாம். பல பள்ளி மாவட்டங்களில் பெற்றோர் கையொப்பமிட்டுப் பரிந்துரையை மீறிச் சேர்க்க வழியிருக்கிறது. ஆனால் அப்படிச் சேர்ந்தவர் இடையில் விலக முடியாது என்ற நிபந்தனையும் அதில் இருக்கக்கூடும் என்பதால் படிவத்தை முழுதும் படிக்க வேண்டும். கோடை வாசிப்புப் பணி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

வகுப்பில் இடம் கிடைத்தாலும் தேர்வுக்குத் தனியே பதிய வேண்டும். ஆசிரியர் தரும் சேர்க்கைக் குறியீட்டைக் கொண்டு காலேஜ் போர்டின் மை ஏ.பி. இணையதளத்தில் வகுப்பில் இணைந்து, நவம்பர் நடுப்பகுதிக்குள் தேர்வைப் பதிவு செய்ய வேண்டும். பள்ளியின் சொந்தக் கெடு அதற்கும் முன்னதாக இருக்கலாம். கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. 2025 முதல் தேர்வு காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் கணினி வழியே நடக்கிறது: 1 மணி நேரத்தில் 55 கொள்குறி வினாக்கள், 2 மணி நேரத்தில் 3 கட்டுரைகள். மூன்றாவது கட்டுரைக்கு நூலை மாணவரே தேர்ந்தெடுத்து, அது கையில் இல்லாமல் எழுத வேண்டும் என்பதால், கோடையில் ஒரு நாவலையாவது இருமுறை படித்து வைப்பது பின்னால் உதவும்.