செதிள்கால் நத்தையைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பெருங்கடலில் 2,400 மீட்டருக்கும் கீழே, வெப்பநீர் ஊற்றுகளை ஒட்டி வாழும் கிரைசோமாலன் ஸ்குவாமிஃபெரம் என்னும் சிறு நத்தையின் பாதத்தைச் சுற்றிக் கூரை ஓடுகளைப் போலச் செதிள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன; சில ஊற்றுகளில் அவற்றின் மேல் இரும்புச் சேர்மம் கவசமாகப் படிந்திருக்கிறது. 2001இல் கண்டறியப்பட்டு 2015இல் முறைப்படி பெயரிடப்பட்ட இவ்வுயிரை ‘இரும்பைத் தின்னும் நத்தை’ என்று எழுதுவது பெருந்தவறு. அதன் உணவுக்குழாய்ச் சுரப்பிக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெற்று அதற்கு உணவளிக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்து உயிர்வளியைக் கொண்டுசெல்லவே அதன் இதயம் உடற்பருமனில் ஏறத்தாழ 4 விழுக்காடு அளவுக்குப் பெருத்திருக்கிறது என்று கருதப்படுகிறது. என் பார்வையில் இரும்பைவிட வியப்புக்குரியது இந்த இதயம்தான்.

இரும்புக் கவசம் இவ்வினத்தின் நத்தைகள் அனைத்துக்கும் உண்டு என்று எண்ணுவதும் பிழையே. கைரெய் ஊற்றில் வாழ்பவை இரும்புச் சல்பைடு படிந்து கருத்திருக்க, ஊற்றுநீரில் இரும்பு குறைந்த சொலிடெயர் ஊற்றில் வாழ்பவை வெளுத்திருக்கின்றன. இரண்டும் ஒரே இனம். செதிள்களின் உள்ளே உள்ள நுண்குழல்கள் வழியே நத்தை வெளியேற்றும் கந்தகம், வெளியிலிருந்து ஊடுருவும் இரும்புடன் சேர்ந்து கனிமமாகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு விளக்குகிறது. ஆகவே, பகைவரைத் தடுக்கவே இக்கவசம் தோன்றியது என்று உறுதியாகக் கூறுவது பொருந்தாது. நச்சாகக்கூடிய கந்தகத்தை அகற்றும் வழியாகவும் அது இருக்கலாம்.

முன்னூறு பாகைக்கு மேல் கொதித்துப் பீறிடும் நீருக்குள்ளேயே இது வாழ்வதாகவும் சிலர் எழுதுகின்றனர். உண்மையில் அந்நீர் கடல்நீருடன் கலந்து, வெப்பம் பெரிதும் தணிந்து கசியும் இடங்களில்தான் இது கூட்டமாக வாழ்கிறது.

ஆழத்தில் இருப்பதால் ஆபத்தில்லை என்று நம்புவதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அழியும் நிலையிலுள்ள இனம் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2019இல் சேர்க்கப்பட்டபோது, ஆழ்கடல் சுரங்கத்தால் அச்சுறுத்தப்படுவதாக அதில் இடம்பெற்ற முதல் உயிரினம் இதுவே. அன்று அறியப்பட்டிருந்த மூன்று வாழிடங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 0.02 சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்து ஏக்கர். பின்னர் வேறு சில ஊற்றுகளிலும் இது காணப்பட்டதால், மூன்றே இடங்களில் வாழ்கிறது என்று இன்றும் எழுதுவது சரியன்று. எனினும் அவ்வூற்றுகளும் தனித்தனிச் சிறு திட்டுகளே. கைரெய் ஊற்று ஜெர்மனியின் கனிம ஆய்வு ஒப்பந்தப் பரப்புக்குள்ளும், லோங்சி ஊற்று சீனாவின் ஒப்பந்தப் பரப்புக்குள்ளும் அடங்குகின்றன. இவ்வூற்றுகள் அமைந்துள்ள கடலடி மலைத்தொடர்களில் கனிமம் தேட இந்தியாவும் 2016இல் ஒப்பந்தம் செய்துகொண்டது.