சர்ரே மலைகளில் முதல் சைக்கிள் சுற்று: வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

லண்டனுக்குத் தெற்கே இருக்கும் சர்ரே மலைகளில் உயரம் பெரிதில்லை. அங்கே எல்லாவற்றையும் விட உயர்ந்த லீத் ஹில்லே 294 மீட்டர்தான். அப்படியும் முதல் தடவை போகிறவர்கள் பாதி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மலையின் எந்தப் பக்கமாக ஏறுகிறோம் என்று பார்க்காததுதான் பெரும்பாலும் காரணம்.

நார்த் டவுன்ஸ் என்ற சுண்ணப்பாறை வரிசை கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதன் அடுக்குகள் வடக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால் வடபுறம் மெதுவாக ஏறும். தென்புறம் வெட்டி நிறுத்தியது போல இருக்கும். அதற்குத் தெற்கே மணற்பாறையால் ஆன லீத் ஹில்லும் அதே மாதிரி சாய்ந்ததுதான். ஆகவே, புதியவர் ஏறுவது வடக்கிலிருந்து. பெபிள் ஹில், ஒயிட் டவுன் லேன் இரண்டும் தெற்கிலிருந்து ஏறுபவை. இரண்டையும் முதல் வருடம் தொடாதீர்கள்.

படி 1: காகித வரைபடத்தில் சரிவைப் படிப்பது

பலரும் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 187-ஆம் தாள் வாங்குங்கள். அளவு 1:50,000. அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. சாலைக் கோட்டின் மேல் சில இடங்களில் சிறிய அம்புக்குறிகள் இருக்கும். ஓர் அம்பு என்றால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரண்டு அம்பு என்றால் 20-க்கும் மேல். அந்த அம்பு காட்டுவது இறக்கத்தின் திசையை. ஏறும் திசை என்று எடுத்துக்கொண்டால் மொத்த வழியும் தலைகீழாகிவிடும்: சுகமாக இறங்கலாம் என்று நம்பிப் போன சாலை சுவராக எதிரே நிற்கும்.

அம்பு இல்லாத சாலை சமதரை என்றும் நினைக்க வேண்டாம். 13 சதவீத மேட்டுக்கு எந்தக் குறியும் கிடையாது. அங்கே உயரக்கோடுகளைத்தான், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைத்தான், எண்ண வேண்டும். இந்தத் தாளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 10 மீட்டர் உயரம். சாலை அந்தக் கோடுகளைக் கடக்கும் இடத்தில் ஸ்கேலை வையுங்கள். இடைவெளி 4 மி.மீ. என்றால் 200 மீட்டருக்கு 10 மீட்டர், 5 சதவீதம். 2 மி.மீ. என்றால் 10 சதவீதம். 1 மி.மீ. என்றால் 20 சதவீதம். பென்சிலால் 2 மி.மீ.க்குக் குறைவான இடங்களை மட்டும் கறுப்பாக்குங்கள். ஒரே ஏற்றத்தில் கறுப்பு ஒரு செ.மீ.க்கு மேல், அதாவது தரையில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்தால் அந்த வழி உங்களுக்கு இப்போது வேண்டாம்.

சராசரிச் சரிவை நம்பாதீர்கள். 2 கி.மீ.க்குச் சராசரி 6 சதவீதம் என்று சைக்கிள் வழி காட்டும் ஒரு செயலி சொல்லும். அதில் 500 மீட்டர் சமதரை, 300 மீட்டர் 15 சதவீதம், மீதி 6 சதவீதத்தை ஒட்டி என்றாலும் கணக்கு சரியாகவே வரும். உங்களை இறக்கிவிடப் போவது அந்த 300 மீட்டர்.

செயலிகளுக்கு எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. செங்குத்தான மலைப் பக்கத்தை ஒட்டிப் போகும் சாலையில், வரைபடக் கோடு சில மீட்டர் விலகினாலே உயரம் மாறிவிடும். அதனால் செயலி காட்டும் சரிவு வரைகோட்டில், 5 சதவீதச் சாலையில் திடீரென்று 22 சதவீத முள் நீட்டிக்கொண்டிருக்கும். மரம் அடர்ந்த வளைவுச் சாலைகளில் இது அதிகம். அந்த இடத்தில் தாளைப் பாருங்கள். கோடுகள் நெருங்கவில்லை என்றால் முள் பொய்.

படி 2: கியர்

முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள் (50/34), பின்னால் 11 முதல் 34 பல் வரையுள்ள பற்சக்கர அடுக்கு, அதாவது 11-34 கேசட். முதல் மலைச் சுற்றுக்கு இதைவிடக் கனமான கியர் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 34-க்கு 34 என்றால் ஒரு மிதிக்கு (பெடல் ஒரு முழுச் சுற்று) சக்கரம் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 7.5 கி.மீ. வேகம். பின்னால் 28 பல்தான் இருக்கிறது என்றால் அதே 60 மிதிக்கு 9 கி.மீ. வேகத்தில் போயாக வேண்டும்; மேட்டில் அந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். 5 சதவீத மேட்டில் மணிக்கு 10 கி.மீ. போக, மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 110 வாட் வேண்டும். 18 சதவீத மேட்டில் 7.5 கி.மீ. வேகத்துக்கே 300 வாட்டை நெருங்கும். 110 வாட்டைப் பழகாதவரும் கால் மணி நேரம் தாங்கலாம். 300 வாட்டில் சில நிமிடங்களுக்குள் கால் கனத்துவிடும்.

கேசட்டை 28-இலிருந்து 34-க்கு மாற்றுகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டெரெய்லரின் கூண்டு. ஷிமானோ 105 ஆர்7000 என்ற மாடலில் குட்டைக் கூண்டு 30 பல்வரைதான் ஏற்கும். 34-க்கு நீளக் கூண்டு வாங்க வேண்டும். இரண்டு, செயின். டெரெய்லருக்குள் விடாமல் முன் பெரிய பற்சக்கரத்தையும் பின் பெரிய பற்சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டுங்கள். பழைய செயினையே போட்டு, தெரியாமல் பெரியதுக்குப் பெரியது மாற்றினால் டெரெய்லர் பிய்ந்து ஆரங்களுக்குள் போய்விடும்.

படி 3: டயர்

25 மி.மீ. அகலம் வேண்டாம், 28 போடுங்கள். 70 கிலோ ஆளுக்கு 65 முதல் 75 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். இந்தச் சுண்ணப்பாறையில் ஃபிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல் நிறைய. மழை அதன் சில்லுகளைச் சாலைக்கு அடித்து வரும். ஈரமான ரப்பரில் அவை வழுக்கி உள்ளே இறங்கும். இரண்டு ட்யூப், டயர் கழற்ற இரண்டு நெம்பி, ஒரு பம்பு கட்டாயம்.

படி 4: சுற்று

டார்கிங் நிலையத்தில் இறங்குங்கள். அந்த ஊரில் மூன்று நிலையங்கள். லண்டனின் வாட்டர்லூ, விக்டோரியா நிலையங்களிலிருந்து ரயில்கள் வருவது வெறும் டார்கிங் என்று பெயர் உள்ளதில். டீப்டீனும் வெஸ்டும் வேறு தடம். டார்கிங் நிலையத்திலிருந்து ஏ24 நெடுஞ்சாலையை ஒட்டிய சைக்கிள் பாதையில் வடக்கே பர்ஃபர்ட் பிரிட்ஜ். பிறகு ஜிக்ஜாக் ரோடு வழியாக பாக்ஸ் ஹில். மோல் ஆறு அறுத்த மேற்குச் சரிவில் வளைந்து வளைந்து போவதால் 2.5 கி.மீ.க்கும் சுமார் 5 சதவீதம்தான், ஏறக்குறைய ஒரே சீராக. உட்கார்ந்தே மிதியுங்கள். வளைவுகளில் உள்விளிம்பு செங்குத்து. சாலை காலியாக இருந்தால் கொஞ்சம் விலகிச் சுற்றுங்கள்.

உச்சியில் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கஃபே இருக்கிறது. அங்கிருந்து ஹெட்லி, லாட்ஜ்பாட்டம் ரோடு, மிக்கிள்ஹாம் வழியாக மீண்டும் அடிவாரம். 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயம் நடந்த அதே 15.5 கி.மீ. வட்டம் இது, ஆண்கள் ஒன்பது தடவை, பெண்கள் இரண்டு தடவை சுற்றினார்கள். திசையை மாற்ற வேண்டாம்.

கால் மிச்சம் இருந்தால் டார்கிங் திரும்பி, கோல்டுஹார்பர் லேன் வழியாக லீத் ஹில் பக்கம் போகலாம். வடக்கிலிருந்து ஏறுவதால் நீளம் அதிகம், கொடுமை குறைவு. ஏறிய வழியே திரும்புங்கள், ஆனால் இறக்கத்தில் கவனம். சாலை பூமிக்குள் அமிழ்ந்து, இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மண்கரை, அதில் வேர்கள் தொங்கும். வெயில் படாததால் நனைந்த இலை காய்வதே இல்லை. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வாரிவிடும். குதிரை வந்தால் தூரத்திலேயே குரல் கொடுத்து, வேகம் குறைத்து, நன்றாக விலகிப் போங்கள்.

பின்சேர்க்கை: செயலி காட்டிய வழி சேற்றுக்குள் முடிந்தது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது பிரைடில்வே, குதிரைப் பாதை. சைக்கிள் போக 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி உண்டு என்பதால் செயலி அதையும் சாலையாகச் சேர்த்துவிடும். லேண்ட்ரேஞ்சர் தாளில் நீளமான சிவப்புக் கோடுகளாக விட்டுவிட்டு இருப்பவை அவை. குட்டைக் கோடுகள் நடைபாதை, அதில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. செயலியில் சாலை சைக்கிள் என்று தேர்ந்த பிறகும், முழுக் கோட்டையும் ஒரு முறை பெரிதாக்கி விரலால் தொடர்ந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டயரைத் துடைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். ரப்பரில் மெல்லிய வெட்டு தெரிந்தால் விரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே அரிசிமணி அளவில் கண்ணாடி போன்ற கருஞ்சில் இருக்கும். ஊக்கு முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த சுற்றில் அது ட்யூப் வரை இறங்கிவிடும்.