வாள்வீச்சு ஜாக்கெட்டுக்குள் போட ஒரு கோணல் பனியன்: நீங்களே தைப்பது எப்படி

இதற்காக முதன்முதலில் ஒரு டைலர் கடைக்குப் போய், "ஜாக்கெட்டுக்குள்ள போடுற மாதிரி ஒண்ணு தைக்கணும்ண்ணா" என்றேன். அவர் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் ரெடிமேடாவே கிடைக்கும்மா, பக்கத்துக் கடையில கேளுங்க" என்றார். புடவை ஜாக்கெட் என்று நினைத்துவிட்டார். வாள்வீச்சு, மாஸ்க், எப்பே (ஃபாயில், சபர் போல ஒரு வகை வாள்) என்று ஐந்து நிமிடம் விளக்கியபோது ஒரு மாதிரியாகப் பார்த்தார். சரி, நாமே தைத்துக்கொள்வோம் என்று வந்துவிட்டேன். அப்படித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜிக்ஜாக் போடும் சாதாரண வீட்டு மிஷின் இருந்தால் போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தப் பனியன் வாளைத் தடுக்காது. வாளைத் தடுப்பது மேலே போடும் பிளாஸ்ட்ரானும் (ஜாக்கெட்டுக்கு அடியில் போடும் அரைச் சட்டை) ஜாக்கெட்டும்தான். சர்வதேசப் போட்டிகளில் ஜாக்கெட், பிளாஸ்ட்ரான், பேன்ட் மூன்றும் 800 நியூட்டன் (துளைக்கும் விசையின் அளவு) தாங்க வேண்டும், மாஸ்க்கின் கழுத்துத் துணி 1600 நியூட்டன். பயிற்சிக்கு 350 நியூட்டன் உடைகள் கிடைக்கின்றன. இந்தக் கணக்கெல்லாம் உடைந்த வாளை நினைத்துப் போட்டது. 1982-ல் ரோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் எதிராளியின் வாள் உடைந்து மாஸ்க்கைத் துளைத்ததில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உடை, மாஸ்க், வாளின் எஃகு எல்லாவற்றிலும் விதிகள் இறுகின. அதனால் "பனியன் தடிமனா இருக்கே, இன்னைக்கு பிளாஸ்ட்ரான் வேண்டாம்" என்று ஒரு நாளும் சொல்லக் கூடாது.

அப்படியென்றால் பனியன் எதற்கு? வேர்வைக்கு, உராய்வுக்கு, வேர்க்குருவுக்கு, கொஞ்சம் கன்றிப்போகாமல் இருப்பதற்கு. ஏசி இல்லாத ஹாலில், சென்னை மே மாதத்தில், பிளாஸ்ட்ரான் மேல் ஜாக்கெட், ஃபாயில் அல்லது சபர் என்றால் அதற்கு மேல் உலோக இழை ஓடும் லாமே என்று மூன்று அடுக்கு போட்டு ஒரு மணி நேரம் ஆடியவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

கோணலாகத்தான் வெட்ட வேண்டும்

கடையில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் பனியன் வலமும் இடமும் ஒரே மாதிரி இருக்கும். வாள்வீச்சு ஆடுகிறவரின் உடம்பு வேலை செய்வது அப்படி இல்லை. ஒரு கை முன்னால் நீண்டு நீண்டு வருகிறது, இன்னொரு கை பின்னால் சும்மா இருக்கிறது. பிளாஸ்ட்ரான் என்பதே வாள் பிடிக்கும் பக்கத்துக்கு மட்டுமான அரைச் சட்டை. எதிர்ப் பக்கம் வெறும் பட்டைதான். வாள் பிடிக்கும் பக்கத்து அக்குளில் தையல் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஜாக்கெட்டின் ஜிப் வாள் பிடிக்காத பக்கம் வருகிறது. எந்த வாள் ஆடினாலும் பாடி வயர் (வாள் பட்டதைக் கருவிக்குச் சொல்லும் மின்வயர்) வேறு, வாள் பிடிக்கும் கையின் சட்டைக்குள்ளேயே ஓடி முதுகுப் பக்கம் கீழே வெளியே வருகிறது. மேலே போடுவதெல்லாம் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது உள்ளே போடுவது மட்டும் ஏன் சமமாக இருக்க வேண்டும்?

கீழே உள்ள அளவுகள் எல்லாம் வலது கையால் ஆடும் எனக்கானவை. உங்களுடையதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு எடுப்பது

டைலர் கடையில் கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கச் சொல்வார்கள். அந்த அளவு நமக்குப் பாதிதான் உதவும். இரண்டு முறை எடுங்கள்: ஒன்று நேராக நின்று, இன்னொன்று லஞ்ச் (முன்காலை எட்டி வைத்துப் பாய்வது) அடித்து கையை முழுதும் நீட்டிய நிலையில். லஞ்ச் அளவை நீங்களே எடுக்க முடியாது, யாரையாவது கூப்பிடுங்கள். என் அம்மா டேப்பைப் பிடித்துக்கொண்டு "இப்படியே எவ்வளவு நேரம்டீ நிப்பே?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தார்.

வேண்டியவை: மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, பிடரி எலும்பிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை முதுகு நீளம், பிடரியிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை, அப்புறம் அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கவாட்டு நீளம். கடைசி அளவுதான் முக்கியம். எனக்கு நிற்கும்போது இருந்ததைவிட லஞ்ச்சில் வலது பக்கம் 4 செ.மீ. கூடியது. நீங்கள் கைநீட்டும் ஒவ்வொரு முறையும் பனியன் மேலே ஏறிச் சுருண்டுகொள்வது இந்த 4 செ.மீ. இல்லாததால்தான்.

துணி

காட்டன் பனியன் வேண்டாம். வேர்வையைக் குடித்துக் கனத்துப்போய் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் பிளாஸ்ட்ரான் உராய்ந்தால் தோல் வழண்டுவிடும். நான்கு பக்கமும் இழுபடும் பாலியஸ்டர்-ஸ்பான்டெக்ஸ் வாங்குங்கள், கடையில் லைக்ரா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 150 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சரியாக இருக்கும். திருப்பூரில் தெரிந்தவர்கள் இருந்தால் பனியன் துணி கிலோ கணக்கிலேயே கிடைக்கும், மீட்டர் விலையைவிட மலிவு. 150 செ.மீ. அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் இருந்தால் ஒரு பனியனும் ஒரு டிராயரும் தேறும்.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை: துணியில் 10 செ.மீ. அளந்து பிடித்து இழுங்கள். 14 வரை சிரமமில்லாமல் போக வேண்டும், விட்டதும் 10-க்குத் திரும்ப வேண்டும். 10.5-ல் நின்றுவிட்டால் அந்தத் துணி இரண்டு மாதத்தில் தொளதொளத்துவிடும்.

நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். நான் முதலில் அழகாக இருக்கிறதே என்று மலிவான கறுப்புத் துணியில் தைத்தேன். மூன்றாவது நாள் பயிற்சி முடிந்து ஜாக்கெட்டைக் கழற்றினால் அக்குள் இரண்டும் ஊதா. இன்னும் போகவில்லை.

வெட்டுவது

பழைய நியூஸ்பேப்பரில் முதலில் வரைந்துகொள்ளுங்கள். பனியன் உடம்பைப் பிடித்தாற்போல இருக்க வேண்டும், அதனால் சுற்றளவில் 6 சதவீதம் குறைக்கிறோம். என் மார்பு 86 செ.மீ., அதில் 6 சதவீதம் போனால் ஏறக்குறைய 81. வழக்கம்போல வெட்டினால் முன்பக்கம் 40.5, பின்பக்கம் 40.5. அப்படி வெட்டாதீர்கள். வலது பக்கத் தையலை மட்டும் 5 செ.மீ. முதுகுப் பக்கம் தள்ளுங்கள்: முன்துண்டு 45.5, பின்துண்டு 35.5. இப்போது வலது விலாவில், பிளாஸ்ட்ரான் இறுக்கிப் பிடிக்கும் இடத்தில், தையலே இல்லை. இடது பக்கத் தையல் அதன் இடத்திலேயே இருக்கட்டும், ஆனால் பிளாஸ்ட்ரானின் பட்டையும் கொக்கியும் அழுத்தும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு அதே துணியை மேலே வைத்துத் தைத்துவிடுங்கள்.

சுற்றளவைக் குறைத்தோமே தவிர நீளத்தைக் குறைக்கக் கூடாது. லஞ்ச்சில் எடுத்த நீளத்தோடு 6 செ.மீ. கூட்டுங்கள், பேன்ட்டுக்குள் செருகி நிற்பதற்கு. துணி அதிகம் இழுபடும் திசை உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

தோளுக்கு மேல் தையல் வேண்டாம். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் ராக்லான் கையாக வெட்டினால் தோள்மேடு சுத்தமாக இருக்கும். வலது அக்குளில் 9 செ.மீ. பக்கமுள்ள ஒரு சாய்சதுரத் துண்டு வையுங்கள். பழைய ஜிப்பாவில் அக்குளுக்கு அடியில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்களே, அதேதான். கைநீட்டும்போது சட்டை முழுவதும் தூக்கிக்கொண்டு போகாமல் அந்தத் துண்டு மட்டும் விரியும். பனியனிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், தைக்கத்தான் நாக்குத் தள்ளும்.

வலது கை நீளம்: மணிக்கட்டுக்கு 5 செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். அங்கே ஏற்கெனவே ஜாக்கெட் கையும் அதன் மேல் கையுறையும் இருக்கின்றன, கூடவே வயர். இடது கை முழங்கைக்கு மேலேயே முடியட்டும், காற்றாவது வரும். கழுத்து, ஜாக்கெட் காலருக்கு 2 செ.மீ. கீழே. மேலே ஏற்றினால் காலரில் இருக்கும் வெல்க்ரோ பிடித்து இழுத்து இழுத்து நூலைக் கிளப்பிவிடும்.

பெண்களுக்கு ஒரு வேலை கூடுதல். துணியை வெட்டுவதற்கு முன் ஏதாவது பழைய இறுக்கமான டி-ஷர்ட் போட்டு, அதன் மேல் மார்புக் கவசத்தை மாட்டி, லஞ்ச் அடித்துப் பாருங்கள். கவசத்தின் கீழ் விளிம்பு விலாவில் எங்கே குத்துகிறது என்று தெரியும். அந்தக் கோட்டைச் சாக்பீஸால் டி-ஷர்ட்டில் வரைந்து பேட்டர்னுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் அருகே எந்தத் தையலும் வரக் கூடாது.

பஞ்சு வைக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. எந்த வாள் என்பதைப் பொறுத்தது. ஃபாயிலில் முனை பட்டது பதிந்து விளக்கு எரிய 500 கிராம் அழுத்தம் வேண்டும், எப்பேக்கு 750. கடினமான பரப்பில் முனை வழுக்கும், துள்ளும். ஃபாயிலில் மார்புக் கவசத்தின் வெளிப்பக்கம் மென்மையான ஃபோம் இருந்தாக வேண்டும் என்று விதி வந்ததே அதனால்தான். ஆகவே, நாமாக மார்பிலும் விலாவிலும் எதையும் வைத்து வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் எங்கேயும் வேண்டாம்.

நான் வைப்பது ஒரே இடத்தில், வலது முழங்கையின் வெளிப்பக்கம், 3 மி.மீ. ஃபோம். ஃபாயிலில் கை இலக்கே இல்லை, அதனால் கவலையில்லை. சபரில் (சென்னைப் பெண் பவானி தேவி 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆடியது இதைத்தான்) வாள் பட்டாலே விளக்கு எரியும், அழுத்தக் கணக்கு கிடையாது. கையில் வரிவரியாகத் தழும்பு வாங்குகிறவர்களும் அவர்கள்தான், முன்கை வரை நீட்டி வைத்துக்கொள்ளலாம். எப்பேயில் கையும் இலக்குதான், அதனால் போட்டிக்கு முன் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபோமை நேரடியாகத் தைக்காமல், ஒரு பக்கம் திறந்த பை மாதிரித் தைத்து உள்ளே நுழையுங்கள். துவைக்கும்போது உருவிவிடலாம்.

தைப்பது

பால் பாயின்ட் ஊசி, 75-ஆம் நம்பர். சாதாரண ஊசி இந்தத் துணியில் ஓட்டை போடும், தையல் விட்டுவிட்டு விழும். பாலியஸ்டர் நூல். நேர்த்தையல் போட்டால் முதல் லஞ்ச்சிலேயே படபடவென்று அறுந்துவிடும். அகலம் 1, நீளம் 2.5 வைத்துச் சின்ன ஜிக்ஜாக் போடுங்கள். துணியை இழுத்துப் பிடிக்காமல் மிஷின் தானாக எடுத்துக்கொள்ள விடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் அலையலையாக வரும்.

வரிசை: முதலில் ராக்லான் கைகளை முன்துண்டோடும் பின்துண்டோடும் சேருங்கள், பிறகு சாய்சதுரத்தின் இரண்டு பக்கங்கள், பிறகு கையின் அடித்தையலில் தொடங்கி சாய்சதுரத்தின் மீதிப் பக்கங்கள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டம். கழுத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் மடித்து ஜிக்ஜாக்.

ஓவர்லாக், பிளாட்லாக் இல்லையே என்று வருந்த வேண்டாம். தையல் பிசிறு எல்லாம் வெளிப்பக்கம் வரும்படி தையுங்கள். பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்? தோலில் படும் பக்கம் வழவழவென்று இருக்கும்.

டிராயர் சுலபம். உங்களிடம் இருக்கும் சைக்கிளிங் ஷார்ட்ஸை வைத்து வரைந்துகொள்ளுங்கள், முட்டிக்கு 5 செ.மீ. மேலே நிறுத்துங்கள், ஏனென்றால் முட்டிக்குக் கீழே பேன்ட்டின் இறுக்கமும் அதன் மேல் ஏறிவரும் சாக்ஸும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். தொடையிடுக்கில் இதே சாய்சதுரம், கொஞ்சம் பெரிதாக.

போட்டுப் பார்ப்பது

கண்ணாடி முன் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. முழு உடையையும் மாட்டி, வயரையும் கோத்து, 30 லஞ்ச் அடியுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த கோடு எங்கே இருக்கிறதோ அங்கே தையல் தப்பு. எனக்கு முதல் பனியனில் வலது அக்குளின் பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்திருந்தது. சாய்சதுரத்தின் முனையில் மூன்று தையல் ஒன்றாகச் சேர்ந்து அரிசி மாதிரி முடிச்சாக நின்றிருந்தது. பிரித்து, முனையை 1 செ.மீ. தள்ளித் தைத்தேன், சரியாகிவிட்டது.

துவைப்பது அன்றைக்கே, பச்சைத் தண்ணீரில், நிழலில் காயப்போட்டு. வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், துணி வேர்வையை வெளியே கடத்துவது குறைந்துவிடும். மறுநாள் அழுக்குப் பனியனையே போட்டால் அந்த உப்பு ஜாக்கெட்டைத் தாண்டி லாமேயின் உலோக இழை வரை போய் அரிக்கும். லாமே விலை தெரியும்தானே.

இடது கைக்காரர்கள் பேட்டர்னைத் திருப்பிப் போட்டு வெட்டுங்கள். ஒரு முறை எங்கள் கிளப்பில் இடது கையால் ஆடும் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தைத்துக் கொடுத்தபோது இதை மறந்து, என் பேப்பரை அப்படியே வைத்து வெட்டிவிட்டேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டாள். நீளக் கை கச்சிதமாக இடது பக்கம் வந்துவிட்டது. பிசிறெல்லாம் உள்ளே போய்விட்டதால் அன்று முழுக்கச் சொறிந்துகொண்டே ஆடினாள், பாவம்.