மனக்கணக்காகச் சொல்லும் பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

1003-லிருந்து 998 போனால் எவ்வளவு என்று கேட்கிறோம். "998-க்கு மேல 2 போட்டா ஆயிரம், அப்புறம் 3, மொத்தம் 5" என்கிறாள் ஒரு மாணவி. "கடன் வாங்கிப் போடு, ஸ்டெப் எங்கே?" என்று அவளை மடக்கிவிடுகிறோம். பிள்ளையின் சொந்த யோசனையை முழுதாகக் கேட்காமல் நம் வழிக்கு இழுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 1985-இல் வெளியானது. டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனாலூசியா ஷ்லீமான் ஆகியோர் செய்தது. விற்கும் இடத்திலேயே கேட்ட கணக்குகளில் ஏறக்குறைய 98 சதவீதம் சரி. அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான்! தேங்காய் விற்ற ஒரு சிறுவன், 35 வீதம் நான்குக்கு எவ்வளவு என்றதும், மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்து 135, முடிவில் 140 என்றான். தாளில் 35 × 4-க்கு அவன் எழுதிய விடை 200. நாலஞ்சு இருபது, மீதி 2. அந்த 2-ஐ முதலிலேயே 3-உடன் கூட்டி 5 ஆக்கி, பிறகு நான்கால் பெருக்கிவிட்டான். மனத்தில் இருந்த தேங்காய்க் கணக்கும் தாளில் இருந்த விதியும் அவனுக்குள் சந்திக்கவே இல்லை. அதனால், பென்சிலை எடுக்கும் முன் "சுமாரா எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு உடனே அடுத்தவரிடம் தாவவும் கூடாது. ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். மூன்று வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

சரி, சட்டென்று வருவதையெல்லாம் அப்படியே ஏற்கலாமா? மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், பந்தைவிட மட்டை 100 ரூபாய் அதிகம் என்றால், பெரியவர்களே "பந்து 10 ரூபாய்" என்பார்கள். இங்கே விடையைச் சொல்லிவிட வேண்டாம். "மட்டை விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்" என்றால் போதும். 120 வருவதைக் கண்டதும் பிள்ளையே 5-க்கு வந்துவிடும்.

விடை சரியாக இருந்தாலும் "எப்படி வந்தது?" என்று கேட்கத் தவறாதீர்கள். 16/64-இல் மேலும் கீழும் உள்ள 6-ஐ அடித்துவிட்டு 1/4 என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதே வேலையை 13/34-இல் செய்யச் சொல்லுங்கள். 13-ஐ நான்கால் பெருக்கினால் 34 வருகிறதா என்று அதுவே பார்க்கட்டும்.